புயலில் கரண்ட் போனால் கடல்நீர்த் தொட்டி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னையில் புயல் வந்தால் கரண்ட் இரண்டு விதமாகப் போகும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்தபோது மரமும் கம்பமும் சாய்ந்ததில் போனது. பல தெருக்களில் நாள் கணக்கில் திரும்பவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால், ஷாக் அடிக்கக் கூடாதென்று மின்வாரியமே நிறுத்தி வைத்தது. இரண்டாவது வகையில் வீட்டுக் கம்பியெல்லாம் நன்றாகவே இருக்கும், ஆனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரீஃப் தொட்டி (பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர் இரண்டுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கானவை. கணக்குப்படி 255 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விட்ட இடம் போக நிஜத்தில் 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே ஒரு சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் வடிந்து, ரிட்டர்ன் பம்ப் வழியாகத் திரும்ப மேலே ஏறும் துணைத் தொட்டி. உள்ளே மீன்கள்: இரண்டு க்ளவுன், ஒரு டாங், சில டாம்செல். மென்பவள வகைகள்: சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் பவளம். கூடவே ஒரு அனிமோன் (கடல் சாமந்தி). கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

கரண்ட் போன முதல் பத்து நிமிடம்

அறிகுறி எதுவும் தெரியும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஹீட்டர், சில்லர் (தண்ணீர் குளிரூட்டி), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி), லைட், கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிட்டால், நள்ளிரவில் கரண்ட் வரும்போது வீட்டில் யாராவது எல்லாவற்றையும் தட்டிவிடுவார்கள். கரண்ட் போன நேரத்தை ஒரு சீட்டில் எழுதித் தொட்டிமேல் ஒட்டுங்கள். பின்னால் எடுக்கும் பாதி முடிவுகளுக்கு அந்த நேரம்தான் ஆதாரம். மீனுக்குத் தீனி போட வேண்டாம். ஆரோக்கியமான மீன் மூன்று, நான்கு நாள் சாப்பிடாமல் இருக்கும். போட்ட தீனி செரிக்கவும், மிஞ்சியது அழுகவும் ஆக்சிஜன் செலவாகும்.

பயப்பட வேண்டிய வரிசை இது: முதலில் ஆக்சிஜன், அடுத்து வெப்பம், பிறகு அமோனியா, கடைசியில் வெளிச்சம். இரண்டு மூன்று நாள் இருட்டில் பவளம் சாகாது. ஆட்டம் இல்லாத தண்ணீரில் ஒரே இரவில் மீன் செத்துவிடும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

25 டிகிரியில் உப்பில்லாத நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே வெப்பத்தில் கடல்நீரில் 6.7 மட்டுமே, 30 டிகிரியில் 6.2. ஆக நம் 200 லிட்டர் தொட்டியில் உள்ள மொத்த ஆக்சிஜன் ஒன்றேகால் கிராம் சொச்சம். மீன், பவளம், நத்தை, கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியா எல்லாம் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. லைட் இல்லாததால் பவளமும் பாசியும் ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்தி, எடுக்கத் தொடங்கிவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தவிக்கும். 2-ஐ நெருங்கினால் சாவு தொடங்கும். மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் இதற்குச் சில மணி நேரம் போதும்.

எல்லா மீனும் ஒன்றுபோலக் காட்டாது. டாங், ராஸ் போல நாள் முழுக்க நீந்துபவை முதலில் திணறும். டாம்செல், க்ளவுன் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அவற்றைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். டாங்கின் செவுள் மூடியைப் பாருங்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக அடித்தாலே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே வந்து வாய் பிளப்பதெல்லாம் பிந்திய கட்டம். இன்னொரு சாட்சி நத்தைகள்: கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வரிசையாக ஏறி நின்றால், ராத்திரி டார்ச் அடிக்கும்போது மணல் புழுக்கள் கல்லை விட்டு வெளியே நீண்டு தொங்கினால், கீழ்த் தண்ணீரில் காற்று தீர்ந்து வருகிறது.

உடனே செய்ய வேண்டியதற்குக் கருவி தேவையில்லை, ஒரு சொம்பு போதும். தொட்டித் தண்ணீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். மூலையில் கண்ணாடியை ஒட்டி ஊற்றினால் மணல் கிளம்பாது. ஐந்து நிமிடம் விடாமல் ஊற்றி, இருபது நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி ஊற்றுங்கள். கை வலிக்கும், ஆனால் மீன் கீழே இறங்கும். வீட்டில் ஆள் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். மூடி இருந்தால் எடுத்துவிட்டு மேலே வலை போடுங்கள். மூச்சு முட்டும் மீன் துள்ளி வெளியே விழும்.

அடுத்து ஏர் பம்ப். பெரிய டார்ச் செல் இரண்டு போட்டு ஓடும் பம்ப் மலிவானது, நம்பகமானது. அல்கலைன் செல் வாங்குங்கள். சாதா செல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிட வேண்டும். கீழே வைத்தால் செல் தீர்ந்ததும் குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள்ளும் தரையிலும் இறங்கிவிடும். ஏர் ஸ்டோனை (குழாய் முனையில் காற்றைக் குமிழியாக்கும் கல்) தொட்டியின் அடிக்கு விடாமல் பாதி ஆழத்தில் விட்டால், குறைந்த பலமுள்ள பம்பும் நிறையக் குமிழி தள்ளும்.

பம்ப் ஓடியும் மீன் இறங்கவில்லையா? தண்ணீரின் மேற்பரப்பை டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மேல் தண்ணீரைச் சம்புக்கு வடிக்கும் ஓவர்ஃப்ளோ நின்ற சில மணி நேரத்தில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படியும். குமிழி தண்ணீருக்குள் கொடுக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். மேற்பரப்பு புரண்டு காற்றோடு கலப்பதில்தான் பெரும்பங்கு வருகிறது. படலம் மூடியிருந்தால் அது நடக்காது. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர்மேல் தட்டையாக விரித்து, ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படலம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மூன்று தாள் தேவைப்படும்.

இதே காரணத்தால், கையில் இருக்கும் பேட்டரியில் ஏர் பம்ப், வேவ்மேக்கர் (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) இரண்டில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும் என்றால் வேவ்மேக்கரை ஓட்டுங்கள். முகத்தை மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு கொதிப்பதுபோல் குலுங்கும்படி வையுங்கள். கீழ்த் தண்ணீரும் சேர்ந்து சுற்றும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு இது: 3 சதவீதக் கரைசல் ஒரு மில்லியில் கிடைப்பது சுமார் 14 மில்லிகிராம் ஆக்சிஜன். 200 லிட்டருக்கு 5 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 0.35 மில்லிகிராம் ஏறும். அந்தச் சொற்பத்துக்காக க்ளீனர் இறாலைப் பணயம் வைக்க வேண்டுமா? மருந்துக் கடையில் கிடைக்கும் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம், அதாவது இரட்டை வீரியம் என்பதும் பலருக்குத் தெரியாது. சொம்பே மேல்.

பேட்டரி நினைத்த நேரம் நிற்கவில்லை

வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி இருந்தால் 12 வோல்ட்டில் 1,800 வாட்-அவர். நல்ல நிலையில் அதில் எடுக்கத்தக்கது 1,400 சொச்சம். வேவ்மேக்கர் 20 வாட், ஏர் பம்ப் 5 வாட், இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தின்னும் 15 வாட், ஆக 40. ஒன்றரை நாள் ஓடும். அதே இன்வெர்ட்டரில் இரண்டு சீலிங் ஃபேனும் நான்கு பல்பும் சேர்ந்தால் ஆறு மணி நேரத்தைத் தாண்டாது. 75 வாட் பழைய ஃபேன் ஒன்றை ஒரு மணி நேரம் நிறுத்தினால் வேவ்மேக்கருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் கிடைக்கும். இதை வீட்டில் புயலுக்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. இருட்டில், புழுக்கத்தில், கொசுக்கடியில் பேசினால் மீன் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள்.

இன்வெர்ட்டரில் போட்டதும் பம்ப் உறுமுகிறது, தொட்டால் சுடுகிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஏசி மோட்டார் உள்ள ரிட்டர்ன் பம்புக்கு அது ஒத்துவராது, காந்தம் அதிர்ந்து சூடாகும். நிறுத்திவிடுங்கள். அடாப்டர் வழியாக ஓடும் டிசி பம்புகள் அதில் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் ஓடும்.

கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, மொத்தமே 84 வாட்-அவர். யூபிஎஸ்ஸின் சொந்தச் செலவே அதில் பாதியைத் தின்றுவிடும். ஆனால் அதே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் டிசி பம்பை நேரடியாக ஓட்டினால் கதை வேறு. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல் எடுத்தாலும் 42 வாட்-அவர். 5 வாட் பம்ப் எட்டு மணி நேரம் ஓடும். வேவ்மேக்கர் அடாப்டரில் 24 வோல்ட் என்று போட்டிருந்தால் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும். பிளஸ் கம்பியில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடாமல் இதைச் செய்யாதீர்கள். உப்புத் தண்ணீர் தெறித்துக் கம்பிகள் ஷார்ட் ஆனால் பேட்டரியே தீப்பிடிக்கும். பிளஸ், மைனஸ் மாறினால் கன்ட்ரோலர் அந்த நொடியே போகும்.

யூஎஸ்பி ஏர் பம்பை பவர் பேங்கில் மாட்டினால் அரை மணியில் தானே அணைகிறதா? பழுது எதுவுமில்லை. பம்ப் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் முடிவு கட்டிவிடுகிறது. அதே பவர் பேங்கில் இரண்டாவது பம்போ சின்ன யூஎஸ்பி விளக்கோ சேர்த்து மாட்டினால் அணையாது. சிலவற்றில் பட்டனை இரண்டு தடவை தட்டினால் குறைந்த கரண்ட் முறைக்கு மாறும். 20,000 மில்லிஆம்பியர்-அவர் பவர் பேங்கில் நிஜமாகக் கிடைப்பது 60 வாட்-அவர் அளவுக்கு. ஒன்றரை வாட் பம்ப் 40 மணி நேரம் ஓடும். செலவுக்கு இதைவிட லாபமான ஏற்பாடு இல்லை.

ஜெனரேட்டர் வைப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் மீனுக்கு முன்னால் மனிதர் போய்விடுவார்.

கரண்ட் போனதும் சம்ப் நிரம்பித் தரையில் வழிகிறது

ரிட்டர்ன் பம்ப் நின்றதும், ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அத்தனை தண்ணீரும் சைஃபனாகி (குழாய் தானே பின்னோக்கி உறிஞ்சி) சம்புக்கு இறங்கும். நம் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஐந்தரை லிட்டர். குழாய் வாய் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 44 லிட்டர். சம்பில் அந்த இடம் இருக்கிறதா?

இப்போது வழிந்துகொண்டிருக்கிறது என்றால் ரிட்டர்ன் குழாயின் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்குங்கள், சைஃபன் அறுந்துவிடும். தூக்க முடியாத குழாய் என்றால் சம்பிலிருந்து மொண்டு சுத்தமான பக்கெட்டில் வையுங்கள். கொட்டிவிடாதீர்கள், கரண்ட் வந்ததும் அது வேண்டும். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை முதலில் மேலே ஏற்றுங்கள்.

காரணம் அநேகமாகச் சைஃபன் உடைக்கும் துளை அடைத்ததுதான். நீர்மட்டத்தை ஒட்டி ரிட்டர்ன் குழாயில் போட்ட அந்தச் சின்னத் துளையில் சுண்ணாம்புப் பாசி வளர்ந்திருக்கும், அல்லது ஒரு நத்தை குடியிருக்கும். பல் குத்தும் குச்சியால் குத்திவிட்டால் சரியாகும். நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். அதற்குள் ஒரு மணல் துணுக்கு மாட்டினாலே முழுதாக மூடாது.

பவளம் சுருங்கிவிட்டது, அனிமோன் உருக்குலைந்து கிடக்கிறது

சோவாந்தஸ் மூடிக்கொள்வதும், லெதர் பவளம் தலை கவிழ்ந்து மெழுகுபோல் தோல் போர்த்துவதும், மஷ்ரூம் சுருங்குவதும் இருட்டிலும் ஓட்டமில்லாத தண்ணீரிலும் இயல்பானவை. கையை விட்டு நோண்டாதீர்கள். பவளத்தின்மேல் வழவழப்பு திரண்டு தங்கியிருந்தால் மட்டும், சமையலறையில் புதிதாக வைத்திருக்கும் பேஸ்டர் (ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சு குழாய்) இருந்தால் அதனாலோ ஊசி இல்லாத சிரிஞ்சாலோ தண்ணீரை மெல்ல அடித்து விலக்குங்கள். அந்த வழவழப்பின் அடியில்தான் அழுகல் தொடங்கும்.

அனிமோன் விஷயம் அப்படியில்லை. சுருங்கிப் பை போலக் கிடந்தாலும் வாய் இறுக மூடியிருந்து, கால் கல்லைப் பிடித்திருந்தால் உயிரோடு இருக்கிறது. வாய் பிளந்து உட்குடல் வெளியே தள்ளி, தொட்டால் ஈரத் துணிபோல் இழைஇழையாக வந்தால் செத்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் பக்கத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்த அனிமோனின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். உடனே எடுத்துவிடுங்கள், ஒரு தட்டளவு அனிமோன் கரைந்தால் 200 லிட்டரும் கெடும். உயிருள்ள அனிமோன் இருட்டில் இடம் மாறி நடக்கும் என்பதால், வேவ்மேக்கரைத் திரும்பப் போடும் முன் அனிமோன் அந்தப் பம்பின் வாயில் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர் கலங்கியது, நாற்றம் வருகிறது

வெள்ளையாக, நீர்த்த பால்போல் கலங்கினால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. எங்கோ ஏதோ செத்திருக்கிறது. மீன்களை எண்ணுங்கள், கல்லுக்குப் பின்னால் தேடுங்கள். பாக்டீரியா அத்தனையும் ஆக்சிஜன் தின்பவை, ஆகவே காற்றை இரட்டிப்பாக்குங்கள்.

பச்சை கலந்த கலங்கல், சம்பில் காலெர்ப்பா பாசி வளர்ப்பவர்களுக்கு வருவது. லைட் நேரம் குலைந்தால் அந்தப் பாசி மொத்தமாக வித்து விட்டுக் கண்ணாடிபோல் வெளிறிப்போகும். வெளிறியதை அள்ளி எறியுங்கள். அடுத்த முறை கீட்டோ என்ற பாசியை வளருங்கள், அது இந்த வேலை செய்வதில்லை.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கேனிஸ்டரிலிருந்து வந்தால் அதைத் திறந்து தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். மணலிலிருந்து வந்தால் மணலைத் தொடாதீர்கள், கிளறினால்தான் ஆபத்து.

தண்ணீர் சூடாகிறது

நவம்பர், டிசம்பர் புயலில் இந்தத் தொல்லை அதிகம் இருக்காது. தண்ணீர் 23, 24-க்கு இறங்கினாலும் மெதுவாக இறங்கினால் எதுவும் சாகாது, பேட்டரியில் ஹீட்டர் ஓட்ட நினைக்கவே வேண்டாம். ஏப்ரல், மே புயல் வேறு. சில்லர் நின்று, ஜன்னல் மூடிய அறையில் தண்ணீர் 30-ஐத் தாண்டும். ஆக்சிஜனும் அதோடு சேர்ந்து குறையும்.

வழக்கமாகச் சொல்லும் யோசனை, தண்ணீர்மேல் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன். 2 வாட்தான் எடுக்கும். ஒரு லிட்டர் ஆவியானால் 200 லிட்டரில் மூன்று டிகிரிவரை இறங்கும். ஆனால் புயலன்று காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தம். ஃபேன் அன்று பாதி வேலைகூடச் செய்யாது. மழை விட்டு வெயில் வந்த மறுநாள்தான் அதற்கு மதிப்பு.

ஐஸ் பாட்டில் நம்பகமானது, பலம் குறைவு. ஒரு லிட்டர் பாட்டில் முழுதும் உருகினால் 200 லிட்டரில் அரை டிகிரி இறங்கும். 31-லிருந்து 28-க்கு வர ஆறு பாட்டில். மூடியை இறுக்கி, சம்பில் மிதக்கவிடுங்கள். ரிட்டர்ன் பம்ப் ஓடவில்லை என்றால் தொட்டியிலேயே விட வேண்டும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள்.

அறைக்குள் மொத்தக் குடும்பமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தால் கரியமில வாயு சேரும். ஏர் பம்ப் அதையே தொட்டிக்குள் தள்ளுவதால் பிஎச் இறங்கும். காற்றடிக்காத பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

இரண்டாம் நாள் மீன் மந்தமாக, நிறம் மங்கி நிற்கிறது

காற்று சரியாக இருந்தும் இப்படி என்றால் அமோனியா பாருங்கள். டெஸ்ட் கிட்டில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் 40 லிட்டர் மாற்றுங்கள். அதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கரண்ட் இல்லாதபோது பிஎச் 7.8-க்கு இறங்கியிருக்கும், அந்த நிலையில் அமோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த வடிவில் இருக்கும். பம்ப் ஓடத் தொடங்கி பிஎச் 8.2-க்கு ஏறினால், அதே அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு இரண்டரை மடங்காகும். கரண்ட் வந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது மீன் சாவது இதனால்தான். ஆகவே அமோனியா காட்டினால் கரண்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்பே தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

மாற்றுத் தண்ணீர் எங்கே? கடலுக்குப் போக வேண்டாம். புயலுக்குப் பின் சென்னைக் கரையில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து தள்ளியதுதான் இருக்கும், உப்பும் குறைந்திருக்கும். குழாய்த் தண்ணீரும் அந்த நாட்களில் குளோரின் வாசம் அடிக்கும். கையிருப்பில் கலந்து வைத்த உப்புத் தண்ணீர்தான் கதி. லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் மரைன் சால்ட், 40 லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. இரண்டு 20 லிட்டர் கேனில் கலந்து, ஹைட்ரோமீட்டரில் 1.025 பார்த்து, நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

எச்சரிக்கை வந்ததும்

வானிலை ஆய்வு மையம் கரையோரத்தில் புயலின் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரத்துக்கு முன் ஒன்று, 24 மணி நேரத்துக்கு முன் ஒன்று எனப் படிப்படியாக எச்சரிக்கை விடும். முதலாவது வந்ததும் உப்புத் தண்ணீர் கலந்து, ஃப்ரீசரில் பாட்டில் உறையவைத்து, செல்லும் பவர் பேங்கும் சரிபாருங்கள். இரண்டாவது வந்ததும் தீனியை நிறுத்துங்கள், ரிட்டர்ன் பம்ப் பிளக்கைப் பிடுங்கி சம்ப் வழிகிறதா என்று ஒருமுறை ஒத்திகை பாருங்கள். தரைத்தளத்து வீடு என்றால் அடாப்டர், எக்ஸ்டென்ஷன் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏற வேண்டும். புதுமீன், புதுப்பவளம் அந்த வாரம் வாங்காதீர்கள்; கொளத்தூர் மீன் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

கரண்ட் வந்துவிட்டது, ஆனால்…

வந்ததும் எதையும் போடாதீர்கள். மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்த தெருவில் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 300-க்கு மேல் வரும். டியூப்லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் அல்லது ஒரு அறை மங்கி இன்னொரு அறை பளிச்சிட்டால் மெயினை அணையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் 200-க்கும் 250-க்கும் நடுவில் நிற்கிறதா பாருங்கள். பதினைந்து நிமிடம் நிலையாக இருந்தபின் தொடங்கலாம்.

வரிசை: வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப், அரை மணி கழித்துச் சில்லர் அல்லது ஹீட்டர், கடைசியில் ஸ்கிம்மர். ரிட்டர்னைப் போட்டதும் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். பின்பக்கம் மாட்டும் ஓவர்ஃப்ளோ பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அதன் யூ குழாயில் காற்று புகுந்து சைஃபன் அறுந்திருக்கும். தண்ணீர் இறங்காமல் மேலே வழியும். பம்பை நிறுத்தி, குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தபின்தான் மறுபடி போட வேண்டும்.

கேனிஸ்டரோ, மூடிய பெட்டியில் இருக்கும் மீடியாவோ (பாக்டீரியா குடியிருக்கும் வடிகட்டிப் பொருள்) இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து செத்த பாக்டீரியாவும் சல்ஃபைடும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் வரும். தண்ணீரைக் கொட்டி, மீடியாவை உப்புத் தண்ணீரில் அலசிப் போடுங்கள். கரண்ட் போனபோதே மீடியாவைப் பையோடு எடுத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்தால் இந்த வேலை மிச்சம்.

பம்ப் உறுமுகிறது, சுற்றவில்லை: இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் காந்தச் சக்கரம்) தண்டில் சுண்ணாம்பு படிந்து, நின்றதும் பிடித்துக்கொண்டது. கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். காந்தம் உப்பி உறையில் உரசினால் இம்பெல்லர் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஸ்கிம்மர் நுரை பொங்கிக் கப் ஐந்து நிமிடத்தில் நிரம்பும். தண்ணீரில் வழவழப்பு அவ்வளவு இருக்கிறது. கப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓடவிடுங்கள், காற்றாவது கிடைக்கும். ஒரு நாளில் அடங்கும். ஆக்டிவேட்டட் கார்பன் 100 கிராம் பையில் போட்டுச் சம்பில் வையுங்கள்.

லைட்டை ஒரேயடியாக முழு வீச்சில் போட வேண்டாம். இரண்டு நாள் இருட்டில் இருந்திருந்தால் முதல் நாள் பாதி அளவு, நான்கு மணி நேரம்; நான்கு நாளில் வழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தீனி அடுத்த நாள் காலை, ஒரு சிட்டிகை. அமோனியாவை மூன்று நாள் காலையிலும் இரவிலும் பாருங்கள். ஒரு வேளை ஏறினாலும் இன்னொரு 40 லிட்டர்.